பிளக்கைக் கழற்றிய பிறகும் இருந்த மின்சாரம்

கெட்டுப்போன எந்தப் பொருளையும் திறந்து பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. சென்ற மாதம் எங்கள் ஊரான உலு திராமில் வீட்டுக் கணினி உயிரில்லாமல் கிடந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு, அதன் பவர் சப்ளை பெட்டியைத் திறந்து, உள்ளிருந்த பலகையைப் புரட்டி மேசையில் வைத்தேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த என் கணவர், "அலமாக், எவ்ளோ சாமான்! இந்த ரெண்டு பெரிய ஈயப் புள்ளி என்னா?" என்று விரலை நீட்டினார்.

"தொட்டுப் பாருங்க லா, கரண்ட் இல்ல" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவி அந்தப் புள்ளிகளின் மேலேயே விழுந்தது. பட்டாசு போல் வெடித்துப் பொறி பறந்தது. ஸ்க்ரூடிரைவரின் நுனி உருகிவிட்டது. அவர் விரல் நூலிழையில் தப்பியது.

"கரண்ட் இல்லன்னியே?" அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

நான் குனிந்து மடியைப் பார்த்தேன். பிளக் அங்கேயே கிடக்கும்போது மின்சாரம் எங்கிருந்து வந்தது?

மின்பொறியாளரான என் தோழி கஸ்தூரியிடம் போனில் கேட்டேன். "அந்தப் புள்ளிக்கு அடியில இருக்கிற கெப்பாசிட்டர் கரண்ட சேத்து வச்சிக்கும். நல்லா ஓடுற பெட்டின்னா சீக்கிரம் வடிஞ்சிடும். உன்னோடது கெட்டுப்போச்சில்ல, வடிய வழியில்லாம உள்ளயே நின்னுருக்கு" என்றாள். ஓடாத பெட்டிதான் அதிக ஆபத்து என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அவள் சொன்ன இடத்தில், மின்சாரம் கடந்து போகும் ரெசிஸ்டர் ஒன்று எரிந்து போயிருந்தது. மாற்றியதும் கணினி ஓடியது.

இப்போதும் பெட்டிகளைத் திறக்கிறேன். மீட்டர் வைத்து அளந்து, பூச்சியம் காட்டிய பிறகுதான் கை வைக்கிறேன். என் கணவரும், "எவ்ளோ காட்டுது?" என்று கேட்டுவிட்டுத்தான் பக்கத்தில் உட்காருகிறார்.