தகரச் சத்தம் நின்றபோது

காலையில் ஓடப் போனவர் மதியம் ஆகியும் திரும்பவில்லை. குன்னூரில் அன்று விடிந்ததிலிருந்தே மூடுபனி. கையை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரிகிற மூடுபனி. தேயிலை எஸ்டேட்டுக்குள் காட்டெருமைகள் கன்றுகளோடு இறங்கியிருக்கின்றன என்று முந்தின நாளே பேச்சு. கன்று வைத்திருக்கிற எருமை எப்படிப்பட்டது என்று மலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூடுபனிக்குள் எங்கேயோ ஒரு பெண், நம் பாஷை தெரியாதவர், தனியாக இருந்தார். உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

அன்று கர்த்தர் எனக்குச் செய்ததை ஜெபக்கூட்டத்தில் சொல்லச் சொல்லி என் மனைவி கிரேஸ் வெகுநாளாகக் கேட்கிறாள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு எழாது. அதனால் விசுவாசிகளாகிய உங்களுக்கு எழுதியே தருகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. என் பெயர் டேனியல். ஒன்பதாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, கொச்சியில் மீன் ஏற்றுகிற வேலை, கோவாவில் கடற்கரை ஓட்டல் என்று சுற்றினேன். பசியும் இருந்தது, காய்ச்சலும் இருந்தது, எல்லாம் கடந்து போனது. கோவா ஓட்டலில் டென்னிஸ் கோர்ட்டைக் கூட்டுகிற வேலை கிடைத்தது. அங்கேதான் பந்தடிக்கவும் பழகினேன், கொஞ்சம் இங்கிலீஷும் பழகினேன். அந்த இரண்டும்தான் என்னைக் குன்னூரில் ஒரு பழைய கிளப்பில் மார்க்கராக்கின. மார்க்கர் என்றால் கோர்ட்டுக்கு உருளை போட்டு, சுண்ணாம்புக் கோடு இழுத்து, துணைக்கு ஆள் இல்லாத உறுப்பினரோடு பந்தடிக்கிற வேலை.

கிரேஸ் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள். எங்களுக்குக் கல்யாணம் ஆன பிறகும் என் பயணப் பை ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு சட்டையும் ஒரு துண்டும் எப்போதும் அதற்குள் இருக்கும். கிரேஸ் அதைப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போவாள். நான் வாசல் வரைக்கும் போய்விட்டு டீக்கடைக்குத் திரும்பிவிடுவேன்.

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில்தான் ஹன்னெகா வந்தார். நெதர்லாந்து நாட்டுக்காரர். டென்னிஸையே தொழிலாக ஆடுகிறவர். ஒரு காலத்தில் உலகத்தில் முதல் நூறு பேருக்குள் இருந்தவர். பிறகு தோளில் அறுவை சிகிச்சை. நெடுநாள் ஆட முடியவில்லை. வரிசையில் எங்கேயோ கீழே போய்விட்டார். தெரிந்தவர்களின் எஸ்டேட் பங்களா இங்கே இருந்தது. உயரமான இடத்தில் ஓடினால் மூச்சு கூடும், மழைக்காலம் முடிந்ததும் இந்தியாவிலேயே நடக்கிற சிறிய போட்டிகளில் அடியிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்து வந்திருந்தார். வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

"இதுதான் கடைசி முயற்சி. இது நடக்கவில்லை என்றால் ராக்கெட்டை மாட்டி வைத்துவிடுவேன்" என்று என்னிடம் சொன்னார்.

அவரோடு பந்தடிக்க கிளப்பில் வேறு ஆள் இல்லை. அவர் அடிக்கிற வேகத்துக்கு நான் பாதிதான். ஆனாலும் என்னை வைத்துச் சமாளித்தார். இந்த உயரத்தில் பந்து கூடுதலாகப் பறக்கும். முதல் வாரம் அவர் அடித்ததெல்லாம் வேலியைத் தாண்டித் தேயிலைக்குள் விழுந்தது. ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்து, "அண்ணா, இன்னொண்ணு!" என்பார். அவர் கற்றுக்கொண்ட தமிழ் அவ்வளவுதான். கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு அவர் பேர் ரொம்பப் பிடித்துப் போனது. "பேர்லயே அக்கா இருக்குதுங்களே" என்று சிரித்து, ஹன்னெக்கா என்றே கூப்பிட்டார்கள்.

நான் கோர்ட்டுக்கு உருளை போட்டு முடிக்கும்வரை அவர் சும்மா நிற்க மாட்டார். கிளப்புக்குப் பின்னால் பம்பு அறை இருக்கிறது. அதன் தகரச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டே இருப்பார். டங் என்று தகரம், டப் என்று தரை, மறுபடியும் டங். கிளப் செயலாளர் ஒருநாள் பேப்பரும் கையுமாக வந்து, "மேடம், ஒரு வரி படிக்க விட மாட்டேங்கிறீங்களே" என்று கும்பிட்டே விட்டார்.

ஏன் இப்படி என்று நான் கேட்டேன். அவர் ஊரில் மலையே கிடையாதாம். வயலும் வாய்க்காலும்தான். அப்பாவுக்கு மாட்டுப் பண்ணை. சின்ன வயதில் எதற்காவது பயந்தால் மாட்டுக் கொட்டகைச் சுவரில் பந்தை அடிப்பாராம், பயம் போகிற வரைக்கும். பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு ஆடக் கிளம்பினாராம். அதற்குப் பிறகு ஊர் ஊராக, ஓட்டல் ஓட்டலாகத்தான் வாழ்க்கை. "எந்தக் கட்டிலில் எழுந்திருக்கிறேன் என்று காலையில் யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்" என்றார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. அவரிடமும் பாதிப் படிப்பு, ஒரு பை. என்னிடமும் அதேதான்.

அவர் காணாமல் போன நாளுக்கு வருகிறேன். வழக்கம்போல விடிந்ததும் பங்களாவிலிருந்து எஸ்டேட் பாதையில் ஓடப் போயிருக்கிறார். தெருநாய்க்குப் பயந்து கையில் ஒரு பழைய ராக்கெட் வைத்திருப்பார். பாக்கெட்டில் ஒரு பந்து எப்போதும் இருக்கும். போன் எடுத்துப் போகிற வழக்கம் இல்லை. கிளப்புக்கு வருகிற நேரம் தாண்டியதும் நான் பங்களாவுக்குப் போனேன். சமையல்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "இன்னும் வரலைங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் போனை எடுத்தேன்.

வனத்துறைக்குச் சொன்னோம். அவர்கள் கீழேயிருந்து வர வேண்டும். மூடுபனியில் வண்டி ஊர்ந்துதான் வரும். அதற்குள் எஸ்டேட் மேஸ்திரி பெரியசாமி அண்ணன், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த கிரேஸையும் மற்ற ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். வரிசையாகக் கை கோத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தேயிலைக்குள் நடந்தோம். தூறல் வேறு. மேட்டுப் பாத்தி முழுக்கப் பார்த்தோம், ஓடைக்கரையைப் பார்த்தோம். பாதையில் எருமைச் சாணம் புதிதாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் ஷூ தடம். கொஞ்ச தூரத்தில் அந்தத் தடம் பாதையை விட்டுத் தேயிலைக்குள் இறங்கியிருந்தது. மழையில் அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அதைப் பார்த்து ஒரு பெண் அழத் தொடங்கிவிட்டாள்.

பள்ளத்துப் பக்கமிருந்து தகரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே கேட்கிறது என்றார்கள். மேஸ்திரி அண்ணன் உடனே கையைத் தூக்கினார். "அந்தப் பக்கம் யாரும் எறங்காதீங்க. தகரம் தட்டறாங்க, மாடு நிக்குது" என்றார்.

மலையில் அதுதான் வழக்கம். காட்டெருமையைக் கண்டவர் தகரத்தைத் தட்டுவார். கேட்கிறவர்கள் அந்தத் திசையை விட்டு விலகிப் போய்விட வேண்டும். பல உயிரைக் காப்பாற்றிய வழக்கம் அது. காலையில் கொழுந்து எடுக்க வந்தவர்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பள்ளத்துப் பாத்தியை விட்டு மேட்டுக்கு வந்திருந்தார்கள். நாங்களும் திரும்பி மேலே நடந்தோம். எல்லாருக்கும் முன்னால் நடந்தது நான்தான்.

நடந்துகொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. எருமையை விரட்டுகிறவன் விடாமல் தட்டுவான், கூடவே கத்துவான். இதில் கத்தல் இல்லை. டங். ஒரு இடைவெளி. டங். அதே இடைவெளி. நடுவில் உள்ள டப் சத்தம் தூரத்தில் கேட்கவில்லை, ஆனால் அதற்கான இடம் இருந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"மேஸ்திரிண்ணா, அது தகரம் தட்டறது இல்லீங்க. பந்து."

"என்னப்பா சொல்ற?"

"ஹன்னெகா பந்தடிக்கறாங்க. தெனமும் கேக்கற சத்தம்ங்க இது."

"டேனியலு, உனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா? மாட்டுக்கு நடுவுல நின்னு யாராவது டென்னிசு ஆடுவாங்களா?"

யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். கிரேஸ் மட்டும் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தாள். "ஏனுங்க, வாங்க போலாம். நானும் வர்றேன்" என்றாள். மேஸ்திரி அண்ணன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புருசனும் பொண்டாட்டியும் முட்டு வாங்கிச் சாகறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா? இருங்க, நானும் வந்து தொலையறேன்" என்று கம்பை எடுத்துக்கொண்டார்.

மூன்று பேரும் பள்ளத்தில் இறங்கினோம். சத்தம் ஒரு நேரம் இடப்பக்கம் கேட்கும், ஒரு நேரம் வலப்பக்கம் கேட்கும். மூடுபனியில் சத்தம் அப்படித்தான் ஏமாற்றும். ஓடை இரைச்சல் வேறு. தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் வடிகிற ஒரு வாய்க்காலைத் தாண்டினோம். அப்போது சத்தம் நின்றுவிட்டது.

காத்திருந்தோம். மறுபடி கேட்கவில்லை. நான் பேர் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. மேஸ்திரி அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "மாடு போயிருந்தா நிறுத்தியிருப்பாங்கப்பா." அவர் சொல்லாமல் விட்டதும் எனக்குக் கேட்டது. மாடு அவரிடமே வந்திருந்தாலும் சத்தம் நின்றிருக்கும்.

எத்தனையோ ஊரில் எத்தனையோ கஷ்டம் பார்த்தவன் நான். அப்போதெல்லாம் பையை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். இங்கே போவதற்கு இடம் இல்லை. அந்தச் சேற்றிலேயே முழங்கால் போட்டேன். ஜெபம் செய்யத் தெரியாது. அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, சத்தத்தை நிறுத்திட்டீங்க. வேற எதையாவது காட்டுங்க. எனக்காக இல்ல. அந்தப் பிள்ளைக்காக" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம். கிரேஸ் என் தோளில் கை வைத்து, "ஆமென்" என்றாள்.

கண்ணைத் திறந்தபோது தலை குனிந்தபடியே இருந்தேன். அதனால்தான் பார்த்தேன். வாய்க்காலில் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மஞ்சளாக ஒன்று உருண்டு உருண்டு வந்தது. ஒரு கல்லில் தட்டி, சுற்றி, என் முழங்கால் பக்கத்தில் வந்து நின்றது.

டென்னிஸ் பந்து.

நான் அதைக் கையில் எடுத்து மேஸ்திரி அண்ணனிடம் காட்டினேன். அவர் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேல, மேல! வாய்க்காலப் புடிச்சு மேல போங்க!" என்று கத்தினார். எங்களுக்கு முன்னால் ஓடினவரும் அவர்தான்.

வாய்க்கால் எங்களை நேராகப் பழைய மஸ்டர் கொட்டகைக்குக் கொண்டுபோய் விட்டது. காலையில் தொழிலாளர் பேர் கூப்பிடுவதற்கு அந்தக் காலத்தில் கட்டியது. இப்போது அங்கே யாரும் போவதில்லை. பூட்டிக் கிடந்த தகரக் கதவுக்கு எதிரில், ஒரு கல்லின்மேல் ஹன்னெகா உட்கார்ந்திருந்தார். ஒரு கால் கணுக்காலில் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. உதடு நீலம். குரல் போயிருந்தது. மடியில் ராக்கெட். எங்களைப் பார்த்தார். என் கையில் இருந்த பந்தைப் பார்த்தார்.

"அண்ணா," என்றார் காற்றுபோல. "இன்னொண்ணு."

கிரேஸ் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். மூன்று பேரும் அழுதோம். மேஸ்திரி அண்ணன், தான் அழவேயில்லை என்று இன்றைக்கும் சொல்லுகிறார்.

நடந்தது இதுதான். எருமைக் கூட்டம் பாதையை மறித்து நின்றிருக்கிறது. அவர் தேயிலைக்குள் ஓடி, சறுக்கி விழுந்து, கால் பிசகி, ஊர்ந்தே கொட்டகைக்கு வந்திருக்கிறார். கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. பயம் தாங்காமல் கதவில் பந்தை அடிக்கத் தொடங்கியிருக்கிறார், உட்கார்ந்தபடியே, விட்டு விட்டு, காலையிலிருந்து. தகரம் தட்டினால் இங்கே ஜனங்கள் விலகிப் போவார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கடைசியில் குளிரில் தோள் இறுகி, இருந்த ஒரே பந்தும் தவறிச் சரிவில் உருண்டு வாய்க்காலுக்குள் போய்விட்டது.

திரும்பும்போது மேஸ்திரி அண்ணன் தரையைக் காட்டினார். கொட்டகையைச் சுற்றிக் கொஞ்ச தூரத்தில் எருமைக் குளம்புத் தடம். கிட்டே ஒன்றுகூட இல்லை. மனிதர்களை விலக்கிய அதே சத்தம் மாட்டையும் விலக்கியிருக்கிறது. பிறகு பந்து போக வேண்டிய நேரத்தில் போயிருக்கிறது. இதை நான் எப்படிச் சொன்னாலும் அது கர்த்தருடைய கைதான்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறியவில்லை, தசைநார்தான் இழுபட்டிருக்கிறது, போட்டிக்குள் ஆறிவிடும் என்றார் டாக்டர். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

ஹன்னெகா கிரேஸிடம் மறைக்காமல் சொன்னார்: "நான் ஜெபம் செய்கிறவள் இல்லை. பந்து போனதும் வானத்தைப் பார்த்துத் திட்டினேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியாது." நான் அதைத் தமிழில் சொன்னேன். கிரேஸ் யோசிக்கவே இல்லை. "அதுவும் ஜெபந்தானுங்கன்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். ஹன்னெகா கிரேஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்து அவர் ஆடப் போனார். எங்கள் எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் என் போனைச் சுற்றிப் பெண்கள் கூடிவிட்டார்கள். போனில் ஆட்டம் தெரியாது, புள்ளிக்கணக்கு மட்டும் மாறும். "என்னுங்க இது, படமே இல்லாம நம்பர் ஓடுது" என்று திட்டிக்கொண்டே பார்த்தார்கள். தகுதிச் சுற்றுகளை ஜெயித்தார். முக்கியச் சுற்றில் ஒரு ஆட்டம் ஜெயித்து, அடுத்ததில் தோற்றார். உடனே போன் வந்தது. தோற்றவர் பேசுகிற மாதிரியே இல்லை. "அண்ணா, கடைசிப் பந்து வரைக்கும் பயப்படவில்லை" என்றார். அந்த வருஷம் முழுக்க ஆடிவிட்டு, தானாகவே ஓய்வு பெற்றார். இப்போது அவர் ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். மாட்டுக் கொட்டகைச் சுவர் இன்னும் இருக்கிறதாம்.

நான் அதே கிளப்பில்தான் இருக்கிறேன். அன்றைக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்குத் திரும்புவதில்லை. உள்ளே வந்து உங்கள் பக்கத்தில் உட்காருகிறேன். ஆணியில் தொங்கின பை இப்போதும் அங்கேதான் தொங்குகிறது. சட்டையை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். பழைய பந்துகளை அதில் போட்டு வைக்கிறோம். செம்மண் கறை போகாத ஒன்று அடியில் இருக்கிறது.

உங்களில் யாருக்காவது இன்று எல்லாச் சத்தமும் நின்று போயிருக்கலாம். தேடி வர ஆள் இல்லை, போகிற திசை தெரியவில்லை என்று இருக்கலாம். வார்த்தை வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். எனக்கும் வரவில்லை. இருக்கிற இடத்திலேயே, சேறாக இருந்தாலும், முழங்கால் போடுங்கள். பிறகு கண்ணைத் திறந்து உங்கள் காலடியைப் பாருங்கள். என் ஆண்டவர் எனக்குப் பதிலை அங்கேதான் அனுப்பினார்.