காசுமாலை போட்டுக் கல்லூரிக்கு

என் நாத்தனார் பள்ளி இறுதித் தேர்வில் தேறிய கோடையில், மேனாம்பேட்டு வீட்டில் எங்களுக்கு ஒரே பேச்சு: எந்தக் கல்லூரி? பட்டணத்துச் சர்க்கார் கல்லூரியில் படிப்புக்குக் கட்டும் சம்பளம் குறைவு. ஆனால் மார்க்கைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், இடம் கிடைப்பது அரிது. வெள்ளைக்காரச் சீமாட்டிகள் நடத்திய தனியார் கல்லூரியின் சம்பளம் எங்களுக்கு எட்டாது. ஏழைப் பெண்களுக்கு அரைச் சம்பளம் உண்டு என்று கேள்விப்பட்டு எழுதினோம். நேரில் வரச் சொன்னார்கள். இரண்டும் தவறினால் தையில் கல்யாணம் என்றார் மாமனார்.

வீட்டில் படித்தவள் நான்தான். கைக்குழந்தையோடு நானே அவளை அழைத்துப் போனேன்.

"பெரிய மனுசங்க பாக்குற எடத்துக்கு வெறுங்கழுத்தாவா போவா?" என்று மாமியார் பங்காளி வீட்டுக் காசுமாலையை இரவல் வாங்கி வந்து அவளுக்குப் போட்டார். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. எனக்கும் அதுதான் மரியாதையாகப் பட்டது. "தல நிமிராத, அண்ணி பேசிப்பா" என்று சொல்லியும் அனுப்பினார்.

சீமாட்டிகளின் கல்லூரிக்குள் நுழைந்ததும் என் கண் மேலே மேலே போனது. கூரை வரை கண்ணாடி அலமாரிகள், அத்தனையிலும் புத்தகங்கள். சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தைகூட அண்ணாந்து பார்த்தது.

"ஏன் படிக்க விரும்புகிறாய்?" என்று தலைமை அம்மையார் நல்ல தமிழில் கேட்டார். இவள் கால் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதறிப்போய் நான் சொன்னேன்: "அடக்கமான பொண்ணும்மா. சமையல், கோலம் எல்லாம் நல்லா வரும்."

அவர் காசுமாலையைப் பார்த்தார். "திருமணம் எப்போது?" என்று அன்பாகவே கேட்டார். பிறகு, "அரைச் சம்பளம் ஏழை வீட்டுப் பெண்களுக்குத்தான், அம்மா" என்றார்.

ரயிலில் நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "இன்னா அண்ணி, என்னப் பொண்ணு பாக்கவா கூப்ட்டாங்க? கோலம் தெரியும்னு சொல்லிக்கினு கீறீங்க!"

மாலையில்லாமல் போயிருந்தால் அந்த அலமாரிகள் அவளுக்குக் கிடைத்திருக்குமோ என்று இன்றும் சில சமயம் தோன்றும்.

அடுத்த வாரம் சர்க்கார் கல்லூரிக்கு என்னோடு நூல்புடவையில் போனாள். குமாஸ்தா மார்க்கைப் பார்த்தார், முத்திரை குத்தினார், "அடுத்த ஆள்" என்றார். யார் வீட்டுப் பெண், கழுத்தில் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்படியும் ஓர் இடம் உண்டா என்று மலைத்துப்போய், நகரத் தோன்றாமல் நின்றேன்.

வீட்டு வாசலிலேயே மாமியார் கேட்டார்: "பொண்ணப் பாத்தாங்களா?"

"நிமிந்துகூட பாக்கல அத்தே. எடம் குடுத்துட்டாங்க."