இனாலு அண்ணியும் கற்சரிவுப் பறவைகளும்

என் அண்ணன் பத்லோக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து, பறவை பிடிப்பதில் இனாலு அண்ணியை மிஞ்ச வடகோடிப் பனிக்கடல் ஓரத்து எங்கள் ஊரில் ஆள் கிடையாது. மே மாதம் மலையடிக் கற்சரிவில் அந்தச் சின்னக் கடற்பறவைகள் வந்து இறங்கியதும், கற்களுக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்து நீளக் கம்பு வலையை ஒரு வீசு வீசுவாள். என் வலையில் ஒன்று விழுவதற்குள் அவள் பை நிறைந்திருக்கும்.

"நாத்தனாரே, ஓட்டை வலையிலயா, கண்ணுலயா?" என்று கேட்பாள்.

பிள்ளை மட்டும் அவளுக்குத் தங்கவில்லை. நாற்பதை நெருங்கும்போதுதான் ஒன்று வயிற்றில் நிலைத்தது. குளிர்காலம் முடியும் தறுவாயில் ஹெலிகாப்டரில் வந்த நர்ஸ் கிர்ஸ்தன் அவளைச் சோதித்துவிட்டு, "கொம்புத் திமிங்கிலம் வேணாம். கரடிக் கறியும் வேணாம். பிள்ளை பொறக்கட்டும்" என்றாள்.

"அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

"அதுங்க ஒண்ணும் பண்ணல. எங்கெங்கயோ நிலக்கரி எரிக்கிறாங்க. அதுல இருக்கிற பாதரசம் காத்தோட, கடலோட இங்க வந்து சேருது. சின்னதைப் பெரிசு திங்கத் திங்க, பெரிசோட உடம்புல ஏறிக்கிட்டே போகுது."

"அப்போ நான் கடை டப்பாவையா திங்கிறது?"

"உங்க மலைப் பறவையச் சாப்பிடுங்க. அது பொடி இறால் திங்கிற பறவை. அதுல விஷம் கம்மி."

அன்றிலிருந்து ஓட்ஸ் கஞ்சியும் காய்ந்த மீனும்தான். கஞ்சிக் கிண்ணத்தோடு ஜன்னலில் உட்கார்ந்து, தெற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பறவைகள் வருமுன் மழை வந்தது. நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது அந்தப் பருவத்தில் மழை என்பதே கிடையாது. சரிவில் கிடந்த பனியெல்லாம் நனைந்து ஊறியது. மறுபடி குளிர் அடித்ததும் மலை முழுக்கக் கண்ணாடி ஊற்றியதுபோல் இறுகிவிட்டது.

பறவைகள் புகைமூட்டம்போல் வந்தன. வந்தவை முட்டையிடப் புகும் கல்லிடுக்குகளைத் தேடின. இடுக்கு எதுவும் இல்லை. உறைபனிமேல் இறங்கி வழுக்கின, எழுந்தன, மறுபடி இறங்கின. கடைசியில் களைத்துப்போய்க் கூட்டம் கூட்டமாக அப்படியே உட்கார்ந்துவிட்டன. நரிகளுக்கு நல்ல வேட்டை.

"வலையே வேணாம்டி, கையாலயே பொறுக்கலாம்!" என்று கை தட்டினான் அண்ணன்.

அண்ணி எச்சில் விழுங்கியதை நான் பார்த்தேன். ஆனால் அவள் வலையைக் கீழே வைத்துவிட்டாள்.

"வந்தவங்களுக்குக் கதவு அடைச்சுக் கெடக்கு. வாசல்லயே வச்சு அடிக்கிறதா? கடல் பனி உடைக்கிற கடப்பாரைய எடுத்துட்டு வாங்க."

"மலையையே உடைக்கப் போறியா? பைத்தியமா உனக்கு?"

"நீங்க உடைக்கலன்னா நான் உடைக்கிறேன்."

சொன்னபடியே வயிற்றைத் தாங்கிக்கொண்டு போய்க் கடப்பாரையை எடுத்து வந்தாள். முதல் குத்திலேயே அண்ணன் பதறிப்போய் அதைப் பிடுங்கி, திட்டிக்கொண்டே தானே உடைக்க ஆரம்பித்தான். நான் கையுறையோடு சில்லுகளை அள்ளிப் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் உசாக்கா வந்து நின்று, "பத்லோக்கு, கதவு தொறந்ததும் ஜன்னலும் வச்சுக் குடுப்பா!" என்று சிரித்தான். சிரித்து முடித்ததும் வீட்டுக்குப் போய்த் தன் கடப்பாரையோடு வந்தான். அவன் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். அண்ணி ஒரு கல்மேல் உட்கார்ந்து எல்லோரையும் விரட்டி வேலை வாங்கினாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோருமாகத் திறந்துவிட்டது மாதா கோவில் கூரை அகலம் இருந்தால் அதிகம். மற்றதையெல்லாம் பிறகு அடித்த வெயில்தான் உருக்கியது. ஆனாலும் நாங்கள் உடைத்துத் திறந்த துண்டில்தான் முதல் பறவை கல்லுக்கடியில் நுழைந்தது. உள்ளேயிருந்து அதன் சிரிப்புக் குரல் கேட்டதும் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்த வருஷம் முட்டையிடுவது தள்ளிப்போனது. பல ஜோடிகள் இடவே இல்லை. ஊர் கூடிப் பேசி, கொஞ்சமாகத்தான் பிடிப்பது என்று முடிவு செய்தோம். முதல் பிடி அண்ணிக்குப் போனது. பறவையை உரித்தபோது அதன் நெஞ்சில் பழைய கொழுப்பைக் காணோம். கடல் சூடாகி, கொழுத்த பொடி இறால் குறைந்துபோனதாம். அண்ணி அதை வேகவைத்து, சாற்றையும் விடாமல் குடித்தாள். மற்ற வருஷங்களில் கடல்நாய்த் தோல் பைகளில் பறவைகளைத் திணித்து, குளிர்காலத்துக்கென்று கற்குவியலுக்கடியில் பல பைகள் புளிக்க வைப்போம். அந்த வருஷம் ஊருக்கே ஒரு பைதான்.

மகள் ஆகஸ்டில் நகரத்து ஆஸ்பத்திரியில் பிறந்தாள். இறந்துபோன எங்கள் அம்மாவின் பெயரை வைத்தார்கள். அதனால் அண்ணன் அவளை "அம்மா" என்றுதான் கூப்பிடுகிறான்.

சூரியன் வராத மாதத்தில் கிர்ஸ்தன் மறுபடி வந்தாள். அண்ணியின் தலைமுடியைச் சோதித்துப் பார்த்ததில் உடம்பில் பாதரசம் குறைந்திருப்பதாகச் சொன்னாள். அந்த வாரமே பையைத் திறந்தோம். வாடை வந்ததும் நர்ஸ் மூக்கைப் பிடித்தாள். பிறகு ஒன்றைக் கடித்தாள். பிறகு இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். ஊரே கைகொட்டிச் சிரித்தது.

அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கடப்பாரை பிடித்த ஒவ்வொருவருக்கும் தன் கையால் எடுத்து வைத்தாள்.

"எதுக்கு இவ்வளவு? நானும் தின்னத்தானே உடைச்சேன்" என்றான் உசாக்கா.

"தெரியும் மச்சான். ஆனா அன்னைக்கு யாருமே வரலன்னா எனக்கும் இவளுக்கும் என்ன ஆகியிருக்கும்? பேசாம சாப்பிடுங்க" என்று சொல்லி, அவன் தட்டில் கொழுத்ததாகப் பார்த்து இன்னொன்றை வைத்தாள்.