மைக்கல் பாடியபோது பாரை நிறுத்தினேன்

மொன்றியலில் ஓர் ஐரிஷ் பப்பில் பதினாறு வருடம் பார் பார்த்தேன். அந்த வேலையை விட்ட கதையைச் சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கொதிக்கும்.

முதல் ஞாயிறே ஏச்சு வாங்கியவன் நான். ஞாயிறு மத்தியானங்களில் ஐரிஷ்காரர் வயலினும் புல்லாங்குழலுமாக மூலை மேசையைச் சுற்றி இருப்பார்கள். அவர்கள் வாசிக்கும்போது ஆடலாம், பியர் கேட்கலாம். ஆனால் ஒருவர் வாத்தியமில்லாமல் தனியே பாடத் தொடங்கினால் பார் நிற்க வேண்டும். பியர் டாப் திறக்கக் கூடாது, ஐஸ் அள்ளக் கூடாது. நான் அள்ளினேன். மேசையே திரும்பி என்னை ஏசியது.

பாடுகிறவரின் கையைப் பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்வதும் அவர்கள் வழக்கம். அந்த மேசைக்காரர் மைக்கல் பாடினால் கை பிடிப்பது அவர் மனைவி நோரா.

நோரா செத்து மூன்றாம் கிழமை. ஐரிஷ்காரரின் சென்ற் பற்றிக்ஸ் ஊர்வல நாள், பப் நிறையப் பச்சைத் தொப்பிகள். மைக்கல் தனியாக வந்தார். நோராவுக்குப் பிடித்த பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். நான் டாப்பை விட்டுக் கை கட்டி நின்றேன். நாலு வரி போகவில்லை, புது மனேஜர் ரமேஷ் ஸ்பீக்கரைப் போட்டான். நகரத்துக்குப் புறத்தே ரொக்ஸ்பரோவில் இருக்கிற தமிழ்ப் பெடியன்தான்.

மைக்கல் பாட்டை நிறுத்திவிட்டு எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்டார், பாருங்கள். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன்.

"என்ன அண்ணை செய்யிறீங்கள்? சனம் லைனில நிக்குது."

"மனிசியைப் பறிகுடுத்த மனுசன் பாடுறார், தம்பி. உங்கட செத்த வீட்டில ஒப்பாரி சொல்லேக்க ஆரும் ரேடியோ போட்டா விடுவீங்களோ?"

"ஸ்பீக்கரிலயும் ஐரிஷ் பாட்டுத்தானே அண்ணை போகுது."

ஏப்ரனைக் கழற்றினேன்.

"பாரை விட்டு வெளியில வந்தா நாளைக்கு வராதேங்கோ," என்றான்.

"வரேல்ல," என்றேன்.

போய் நோராவின் கதிரையில் இருந்து மைக்கலின் கையைப் பிடித்தேன். அவர் முதலிலிருந்து தொடங்கினார். லைனில் நின்ற ஒருவன் பியருக்குக் கத்தினான். பக்கத்தில் நின்றவளே அவன் வாயைப் பொத்தினாள்.

பார் வேலைக்கு வரும் பிள்ளைகளே, ஊற்றுவதை ஒரு கிழமையில் பழகிவிடலாம். எப்போது ஊற்றக் கூடாது என்று தெரியாதவனுக்குக் கீழே மட்டும் நிற்காதீர்கள். அந்தப் பாட்டு ஏழெட்டு நிமிடம் இருக்கும். பதினாறு வருடத்தில் நான் ஒழுங்காகச் செய்த வேலை அதுதான்.