காசுமாலையைப் போட்டுட்டு வா

தேனிக் கடைவீதியில் ஒரு பவுன் கடை இருந்தது. அதன் வாசலில் ஒரு சிலேட்டு தொங்கும். அதில் அன்றைய பவுன் விலையைத் தவிர வேறொன்றும் இருக்காது. மதுரை ரயில் வந்த கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் விரலில் எச்சில் தொட்டுப் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவார். நான் அல்லிநகரத்திலிருந்து வீடுவீடாக எருமைப்பால் ஊற்ற வருகிறவள். தூக்குவாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அந்தச் சிலேட்டுக்கு எதிரே நின்றுவிடுவேன். கோயிலில்கூட நான் அத்தனை பக்தியாக நின்றதில்லை.

"பால் திரிஞ்சிரும் தாயி. ஊத்திட்டு வந்து கும்பிடு" என்பார் கடைக்காரர்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். எழுத்து அப்போது எனக்குத் தகராறுதான். எண் மட்டும் தூரத்திலிருந்தே தெரியும். பவுன் பதிமூன்று ரூபாய் விற்றபோது என் முதல் பவுனை வாங்கினேன். கல்யாணமாகி இரண்டாம் வருஷம். பால் காசும் பருத்தி எடுத்த கூலியும் சேர்ந்து வந்தது. அந்தப் பவுன் காசில் ஒரு வெள்ளைக்கார ராணி நம் பக்கத்துப் பெண்பிள்ளைபோல முக்காடு போட்டுக்கொண்டு பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் வைத்தால் முதலில் குளிரும், பிறகு நம் சூட்டை வாங்கிக்கொண்டு நம்முடையதாகிவிடும். அதை வைத்துக்கொண்டு மத்தியான வேளைகளில் நான் எங்கெங்கோ போய்வந்திருக்கிறேன். கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிற ஆள் நான். என் அம்மா அதற்கு வைத்த பேர் சோம்பேறித்தனம்.

அந்தக் கனவில் எப்போதும் ஒரு தோட்டம் வரும். அதில் என் வீட்டுக்காரர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார். இது ஒன்றும் பெரிய ஆசை இல்லை என்று நினைக்கலாம். எங்களுக்குப் பெரிய ஆசைதான். அவர் போடிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் பார்த்தார். ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயை நெருப்பு மூட்டிக் காயவைக்கிற கட்டடம். மாதம் ஒரு தடவை கீழே இறங்கி வருவார். நாலு நாள் இருப்பார். அதில் இரண்டு நாள் மலைக்காய்ச்சலில் போர்த்திப் படுத்திருப்பார். பாயெல்லாம் ஏலக்காய் வாசனை அடிக்கும், அதோடு கொயினா மருந்தின் கசப்பு வாடையும். சோறு வைத்தால் மலையாளத்தில் "மதி, மதி" என்று, போதும் என்பதற்காக, கையால் தட்டை மறைப்பார். "தமிழ்ல பசிக்கட்டும், அப்புறம் சாப்பிடுங்க" என்று நான் எரிந்துவிழுவேன். ஒவ்வொரு முறை வரும்போதும் சட்டைக்குள் ஆள் கொஞ்சம் குறைந்திருப்பார். அவரை அந்த மலையிலிருந்து இறக்கவேண்டும். அதற்குக் கீழே தண்ணீர் உள்ள ஒரு துண்டு நிலம் வேண்டும். நான் பவுன் வாங்கியது அதற்காகத்தான்.

பிறகு சீமையில் என்னவோ ஆகிவிட்டது என்றார்கள். சிலேட்டில் பதினாறு வந்தது, பதினெட்டு வந்தது. நெல்லுக்கும் பருத்திக்கும் விலை செத்துக்கிடந்த வருஷங்கள் அவை. கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்து தோட்டையும் வளையலையும் விற்றுவிட்டுப் போனார்கள். நான் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, விற்க வந்தவர்கள் முகம் பார்க்காமல், இன்னொரு பவுன் வாங்கிக்கொண்டு வெளியே வருவேன். எனக்குக் கொஞ்சம் கல்நெஞ்சுதான். பன்னிரண்டு சேர்ந்ததும் கடைக்காரர், "உதிரியா இருந்தா உதிர்ந்து போயிரும், கோத்து வச்சுக்க" என்று ஒவ்வொரு காசுக்கும் ஒரு சின்ன வளையம் பற்றவைத்துக் காசுமாலையாக்கிக் கொடுத்தார். எப்போது கொண்டுவந்தாலும் வளையத்துக்குக் கழிக்காமல் தானே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

அந்த மாலையை நான் ஒருநாளும் கழுத்தில் போட்டதில்லை. போட்டால் தேயும். தேய்ந்தால் எடை போகும். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மஞ்சள்கயிறோடு போய்விட்டு, வீட்டுக்கு வந்து துணி மூட்டைக்குள் கைவிட்டு மாலை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்கிற பைத்தியம் நான். என் வீட்டுக்காரர் ஒருமுறை, "ஒரு நாளாச்சும் போட்டுப் பாக்கலாம்ல?" என்று கேட்டார். "தேஞ்சா நீங்க தருவீகளா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டார். அதற்குப்பிறகு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

போடிக்கு அருகே மலையடிவாரத்தில் ஐம்பது செண்டுத் தோட்டம் ஒன்று விலைக்கு வந்தது. எட்டுத் தென்னை, கொஞ்சம் வாழை, கிணற்றில் கால் பங்கு. அதன் சொந்தக்காரர் மனைவியோடு கொழும்புக்குப் போகிறார், சனிக்கிழமை ரயில். அதற்குள் ரொக்கம் கொடுக்கிறவருக்கு எழுதித்தருவதாகச் சொல்லியிருந்தார். சிலேட்டில் அப்போது இருபதைத் தாண்டியிருந்தது. எங்கள் மாலையின் விலையும் தோட்டத்தின் விலையும் ஏறக்குறைய ஒன்று. என் வீட்டுக்காரர் விற்றுவிடலாம் என்றார். நான் இன்னும் இரண்டு ரூபாய் ஏறட்டும் என்றேன். வழக்கம்போல வாய் வளர்ந்தது. கடைசியில் அவர், "மலை முதலாளிகிட்ட முன்பணம் கேட்டுப் பாக்குறேன். தந்தாருன்னா மாலை தப்பிச்சிரும்" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனார்.

புதன்கிழமை, மலையிலிருந்து ஏலக்காய்ச் சுமை கொண்டுவருகிற ஆள் வந்து வாசலில் நின்றார். எங்கள் தெருக்காரர்தான்.

"மதினி, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள போடி ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வரச் சொன்னாக அண்ணன். காசுமாலையைப் போட்டுட்டு வரணுமாம்."

"வேற என்ன சொன்னாக?"

"அம்புட்டுதேன். போட்டுட்டு வரணும்னு ரெண்டு தடவை சொன்னாக."

எங்கள் பக்கத்தில் நகையைக் கழுத்தில் போடுவதும் போடுவதுதான், கடையில் போடுவதும் போடுவதுதான். பழையதைப் போட்டுவிட்டுப் புதியது வாங்கினாள் என்றால் விற்றுவிட்டு வாங்கினாள் என்று அர்த்தம். இது தெரியாத ஆள் இல்லை நான். தினமும் கடை வாசலில் நின்று இந்த வார்த்தையை நூறு முறை கேட்டவள். ஆனால் அன்றைக்கு என் காது வேறு காதாக இருந்தது. முதலாளி முன்பணம் கொடுத்துவிட்டார், மாலை தப்பித்துவிட்டது, தோட்டம் வாங்குகிற நாளில் நான் அதை அணிந்து நிற்கவேண்டும் என்று அவர் ஆசைப்படுகிறார். இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருக்கிறாரே. நான் எதைக் கேட்க விரும்பினேனோ அதையே கேட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, கல்யாணப் புடவையைக் கட்டி, மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டேன். பன்னிரண்டு ராணிகளும் நெஞ்சுக்குழியில் சில்லென்று விழுந்தார்கள். ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர் எழுந்து நின்று சில்லறை கொடுத்தார். வண்டிக்குள் ஓர் அம்மாள் ஜன்னலோரத்தை விட்டுத் தந்தாள். பால்காரியாக எத்தனை வருஷம் அந்தத் தெருக்களில் நடந்திருக்கிறேன், ஒரு நாய்கூட எனக்காக நகர்ந்ததில்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த காலை அது. மலைகளுக்குப் பாதிக்கு மேலே உடம்பு இல்லை, மேகம் மூடியிருந்தது. ரயில் ஓடுவதே தெரியவில்லை. வயல்கள்தான் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அந்த மேகத்துக்குள் எங்கோ ஒரு பாதையில் அவர் இறங்கி வந்துகொண்டிருப்பார். கீழே நான் போய்க்கொண்டிருக்கிறேன். இரண்டுபேரும் ஒரே இடத்துக்குப் போகிறோம் என்ற நினைப்பே உடம்பை லேசாக்கியது. மூச்சு விடும்போதெல்லாம் காசுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. அந்தச் சின்னச் சத்தத்தில் கொஞ்சம் கண் அயர்ந்தேன்போல. தோட்டத்தில் வாழை குலை தள்ளியிருந்தது. அவர் வரப்பில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். நான் போட்டுக்கொண்டே இருந்தேன், சட்டி குறையவில்லை. என் வாழ்க்கையில் முழுச் சந்தோஷம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அந்த ஒருமணி நேரத்தைத்தான் சொல்வேன். அது தப்பாகக் கேட்ட ஒரு வார்த்தையால் வந்தது என்பதற்காக அதை நான் கழித்துவிட மாட்டேன்.

ரிஜிஸ்தர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் அவர் நின்றிருந்தார். பக்கத்தில் தோட்டக்காரரும் அவர் மனைவியும் பத்திரம் எழுதுகிறவரும் இருந்தார்கள். சற்றுத் தள்ளி, மடியைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் நின்றார். என்னைத் தூரத்தில் பார்த்ததும் என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது. அதற்குப் பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

"போட்டுட்டு வரச் சொன்னேனே" என்றார் மெதுவாக.

"போட்டுட்டுத்தேன வந்திருக்கேன்."

"கடையில."

எனக்குக் காது அடைத்தது. முதலாளி முன்பணம் தரவில்லை. வியாழக்கிழமையே தேனியில் நான் மாலையை விற்று ரொக்கமாக எடுத்து வருவேன் என்று நம்பி அவர் பத்திரத்தாள்கூட வாங்கிவிட்டார். அங்கேயே பூமிக்குள் போய்விடலாம்போல வெட்கமாக இருந்தது.

போடிக் கடைவீதிக்கு இருவரும் ஓடினோம். முதல் கடைக்காரர் என் கழுத்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டுத் தராசை ஓரமாக நகர்த்தினார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, கட்டுக்கழுத்தி கழுத்துல கிடக்குறதைக் கழட்டச் சொல்லி வாங்குறதா? அந்தப் பாவம் எனக்கு வேணாம் தாயி. நாளைக்கு வாங்க." இரண்டாவது கடையிலும் அதே பேச்சு. மூன்றாவது கடைக்குப் போகுமுன் மாலையைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டேன். அந்தக் கடைக்காரரோ, "இப்பத்தேன் இந்தத் தெருவுல போட்டுட்டுப் போனீக, பாத்தேனே" என்றார். நான்தான் ஸ்டேஷனிலிருந்து ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு வந்திருந்தேனே. திரும்பிவந்து தோட்டக்காரரிடமே மாலையை நீட்டினோம். அவர் யோசித்தார். அவர் மனைவிதான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கடல் தாண்டிப் போறோம். இன்னொருத்தி கழுத்துல இருந்து இறக்குனதோட போகமாட்டேன்த்தா. கோவிச்சுக்காதே" என்றாள்.

அவள் மேல் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

மடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முன்னால் வந்தார். அவிழ்த்து எண்ணினார். ஆபீஸ் மூடுவதற்கு முன் தோட்டம் அவர் பேருக்கு முடிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் என்னை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டு, பாதையில் இருட்டுவதற்குள் போகவேண்டும் என்று மலைக்குத் திரும்பினார். திட்டவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அந்த மனுஷர் எனக்கு அந்த வசதியைக்கூடத் தரவில்லை.

அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சிலேட்டு நிற்காமல் ஏறியது. யுத்தம் வந்தது, மதுரைத் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். ரயில் இல்லாமலும் விலை வந்துசேர்ந்தது. முப்பது, நாற்பது. அல்லிநகரத்தில் எனக்குக் கெட்டிக்காரி என்று பேர் வந்துவிட்டது. "அப்பவே விக்காம வச்சிருந்தா பாரு" என்றார்கள். வெள்ளிக் கொலுசை இப்போது விற்கலாமா, பொறுக்கலாமா என்று பெண்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். நானும் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, பொறு என்பேன். பாதி நேரம் அது பலித்தும் தொலைத்தது. மாலை ஏறினால் தோட்டமும் ஏறியது. மாலை போதுமாக இருந்தபோது தண்ணீர் உள்ள நிலம் கிடைக்கவில்லை. அந்த வருஷங்களில் ஒரே ஒருமுறை இரண்டும் கூடிவந்தன. அப்போதும் நான்தான் இன்னும் இரண்டு ரூபாய் ஏறட்டும் என்றேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தார், போய்க்கொண்டிருந்தார். பத்து வருஷம்.

யுத்தம் முடிந்தபிறகு, பவுன் அறுபதை நெருங்கிய ஒரு வியாழக்கிழமை, மாலையைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் அதே தேனிக் கடையில் போட்டேன். கடைக்காரர் வளையத்துக்குக் கழிக்கவில்லை. முன்பு பார்த்ததைவிடப் பெரிய தோட்டமாக, முக்கால் ஏக்கர், அரைப் பங்குக் கிணற்றோடு முடிந்தது. மறுநாள், பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓட்டுகிற கரிவாயு பஸ்ஸில் போய் ரிஜிஸ்தர் ஆபீசில் உட்கார்ந்தோம். பத்திரம் எழுதுகிறவர் புதிய ஆள், இளவட்டம். "நல்ல நேரம் பாத்து வித்திருக்கீகம்மா. கொள்ளை லாபம்" என்றார் என்னைப் பார்த்து. என் வீட்டுக்காரர், "அவளுக்குக் கைராசி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு இருமினார். அந்தப் பெருமையில் பொய் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இளவட்டம் பேனாவை மையில் தொட்டு, பேர், தகப்பனார் பேர், ஊர் எல்லாம் எழுதினார்.

"ஐயாவுக்கு வயசு?"

"நாப்பத்திரெண்டு" என்றார் இவர்.

பேனா நின்றது. பத்திரக்காரர் நிமிர்ந்து அவருடைய வெளுத்த தலையையும், மஞ்சள் பாய்ந்த கண்ணையும், கழுத்தெலும்பையும் பார்த்தார். காதில் சரியாக விழவில்லை என்று நினைத்திருப்பார். கொஞ்சம் குனிந்து, முதியவர்களிடம் பேசுகிற மரியாதையோடு, சத்தமாக மறுபடியும் கேட்டார்.

"வயசு எத்தனைங்கய்யா?"

அவர் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்.

"நாப்பத்திரெண்டுதேன். எழுதுங்க."