வெயிலில் கிடந்த பொடி

அண்ணன் குவைத்திலிருந்து திரும்பி வந்து, கீரமங்கலத்துக்கு வெளியே எங்கள் தென்னந்தோப்பை ஒட்டி மீன்குளம் வெட்டினார். கட்லாவும் ரோகுவும் விட்டோம். தீவனம் போடுவது என் பொறுப்பு.

தீவனக் கடைக்காரர் ஒரு பொடியைத் தந்தார். தயிரில் இருப்பதைப் போன்ற நல்ல கிருமிகள் அதில் உண்டு; மீனின் குடலுக்குள் போய்ச் செரிமானத்தைக் கூட்டும், நோயைத் தாங்க வைக்கும் என்றார். "உசுருள்ள பொருளும்மா. நெழல்ல வைங்க, சூடு பட்டாச் செத்துரும்." வெல்லத் தண்ணீரில் கரைத்து, தீவனத்தில் பிசிறி, நிழலில் உலர்த்திப் போட்டேன். மீன்கள் நன்றாகத் தேறின.

சித்திரையில் புது டப்பா வாங்கினோம். வீட்டுக்கும் குளத்துக்கும் தூக்கி அலைய அலுப்பாக இருந்ததால், தகரம் வேய்ந்த மோட்டார் கொட்டகையிலேயே வைத்துவிட்டேன். அங்கே சன்னல் வெயில் நேராக அதன் மேல் விழுந்து, சில நாளில் டப்பா கை வைக்க முடியாமல் சுட்டது. பொடி கட்டி தட்டியிருந்தது. உதிர்த்துக் கலந்து போட்டேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

அந்த மாதமே மீன்களின் உடம்பில் சிவப்புப் புண்கள் கண்டன. ஒரு காலையில் குளம் முழுக்க வெள்ளை வயிறுகள் மிதந்தன. அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கூடை கூடையாக அள்ளித் தந்தார். சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். அந்த ஈர வேட்டியோடு டப்பாவை எடுத்துக்கொண்டு, என்னையும் வண்டியில் ஏற்றிக் கடைக்குப் போனார்.

"போலிச் சரக்கக் குடுத்து எங் கொளத்தையே அழிச்சுட்டியேடா!"

சந்தைக்கு வந்த கூட்டம் நின்று பார்த்தது. கடைக்காரர் டப்பாவைத் திறந்து ஒரு கட்டியை விரலால் நசுக்கினார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நல்ல சரக்குதாங்க குடுத்தேன்" என்றார். டப்பாவை மூடி அண்ணனிடமே நீட்டினார்.

பேச்சு பரவியது. யாரும் அவரிடம் வாங்கவில்லை. ஆவணியில் கடையை மூடினார். அண்ணனும் மறுபடி குவைத்துக்குப் போய்விட்டார்.

போன மாதம் பூ மார்க்கெட்டில் அவர் மூட்டை தூக்குவதைப் பார்த்தேன். கிட்டே போய், "டப்பாவ வெயில்ல போட்டது நாந்தாங்க" என்றேன்.

மூட்டையை இறக்கி வைத்தார். "அன்னைக்கே தெரியும்மா. பொடி செத்ததால மட்டும் மீனு சாகாது, தண்ணியும் கெட்டிருக்கும். ஆனா நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங் கடை இருந்திருக்கும்."

அன்றே அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இப்ப எதுக்குச் சொல்ற?" என்றார். இணைப்பைத் துண்டித்தார். அதற்குப் பிறகு அவர் என்னை அழைக்கவில்லை.