மஞ்சள் கறைக்கு ஒரு கன்செஷன்

கணப்படுப்பின் கல்லில் கறை பட்டால் வாடகைதாரர் உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அது குறித்த விண்ணப்பத்துக்கு நிர்வாகம் பத்து வேலை நாட்களுக்குள் பதில் அளிக்க வேண்டும். எங்கள் வாடகை ஒப்பந்தத்தின் பதினான்காம் விதி இது. அடுத்த வரியிலேயே, கணப்படுப்பில் தீ மூட்டக் கூடாது என்றும் இருக்கிறது. கூடத்தின் நடுச்சுவரில், வீட்டுக்கே எஜமான் போல, குளிர்காய ஓர் அடுப்பைக் கல்லால் கட்டிவைத்து, அதில் நெருப்பு வைக்க மாட்டேன் என்று கையெழுத்து வாங்குகிற ஊரில் இருக்கிறேன். காலையில் எழுந்ததும் மெல்லிய தூரிகையால் அதைத் துடைப்பது என் வேலை. எரியாத அடுப்பில் சாம்பல் சேர்வதில்லை, தூசி சேர்கிறது.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறு நகரம் இது. மகன் பிரபு வேலைக்காக வந்தான். நான் ஓய்வு பெற்ற குற்றத்துக்காகவும், என் மனைவி பவுன் எனக்கு வாழ்க்கைப்பட்ட குற்றத்துக்காகவும் போன ஆவணியில் அவனோடு வந்து சேர்ந்தோம். படப்பை வீட்டைப் பூட்டி, சாவியைச் சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் பவுனின் தம்பி முருகேசனிடம் கொடுத்தோம். இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் தலை நரைத்தவன் நான். எதற்கும் ஒரு செய்முறை எழுதிவைப்பேன். செய்முறை எழுதுவது எப்படி என்பதற்கும் ஒன்று எழுதினேன். இங்கே வந்த வாரமே இந்தச் சுண்ணாம்புக் கல்லைப் பற்றி எழுதிச் சமையலறையில் ஒட்டினேன்: காரமோ புளிப்போ இல்லாத சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான துணி; புளி, எலுமிச்சை, வினிகர் கிட்டேயே வரக் கூடாது, கல்லை அரித்துவிடும்; நன்றாக உலர்ந்த பின், நீர் இறங்காமல் காக்கும் பூச்சு. பவுன் அதைப் படித்துவிட்டு, "புள்ளத்தாச்சிக்குக் கூட இவ்ளோ பத்தியம் கிடையாதுங்க" என்றாள்.

செய்முறையில் ஆயுத பூஜையை நான் எழுதவில்லை. எங்கள் தொழிற்பேட்டையில் ஆயுத பூஜையை அறியாதவருக்கு அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பேன். முதல் நாளே உற்பத்தி லைனை நிறுத்திக் கழுவுவார்கள். பிரெஸ் மெஷினிலிருந்து ஃபோர்க்லிஃப்ட் வரை சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. வெளிநாட்டு மேலாளர்கள் நெற்றியில் பொட்டோடு பொரியும் கடலையும் தின்றுகொண்டு நிற்பார்கள். ஒரு வருடம் யாரோ பக்தி மிகுதியில் சென்சாரின் கண்ணில் சந்தனம் வைத்துவிட, பூஜை முடிந்து மூன்று மணி நேரம் லைன் ஓடவில்லை. மறு வருடம் முதல், எங்கெங்கே பொட்டு வைக்கலாம் என்று படம் போட்டுச் சுற்றறிக்கை விட்டவன் நான்தான்.

இங்கே வந்த முதல் ஆயுத பூஜையன்று குளித்துவிட்டு வந்து பார்த்தால், கணப்படுப்பின் மேல்கல்லில் மூன்று விரல் அகலத்துக்கு மஞ்சள் பட்டை, நடுவில் குங்குமம். பவுன் ஈர விரல்களோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா பண்ணி வெச்சிருக்க?"

"ஏங்க, அடுப்புன்றீங்க, ஒரு பொட்டு கூட இல்லாம மொட்டையா கீது. ஃபேக்டரில இரும்புக்கு எல்லாம் எலுமிச்சம்பழம் வெட்டனீங்க. வூட்டு அடுப்ப வுட்டுட்டா கோச்சிக்காதா?"

குங்குமம் மாலைக்குள் உதிர்ந்துவிட்டது. குழைத்த மஞ்சளைக் கல் குடித்துவிட்டது. துடைத்த துணிதான் மஞ்சளானது, கல் வெளுக்கவில்லை. உற்றுப் பார்த்தால் நடுவிரலின் ரேகை கூடத் தெரிந்தது.

சில வாரங்களில் வீட்டு நிர்வாகத்திலிருந்து ஹெலன் என்ற பெண் வீட்டைப் பார்வையிட வந்தாள். கல்லைக் கண்டதும் குனிந்து, மிக மரியாதையாக, "கர்ரி?" என்று கேட்டாள். பவுனுக்கு முகம் சிவந்துவிட்டது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறியா? நம்ம வூட்ல வந்து இன்னா கேள்வி கேக்குது பாருங்க." நான் ஹெலனிடம், இது மதச் சடங்கு என்றேன். மதம் என்றதும் ஹெலன் மிரண்டு, மன்னிப்புக் கேட்டு, கறையைப் பற்றி நேரில் ஒன்றும் பேசாமல் போய், மறுநாள் எழுத்தில் அனுப்பினாள்: அடுத்த வருடம் கல்லுக்குப் பாதுகாப்புப் பூச்சு பூச ஆள் வரும், அதற்குள் கறை நீங்கியிருக்க வேண்டும்.

நீக்குவது பெரிய காரியமில்லை. சமையல் சோடாவைக் களிம்பாகக் குழைத்து, கறை மேல் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடிவிட வேண்டும். அது காயும்போது கறையை வெளியே இழுக்கும். இரண்டு மூன்று முறை செய்தால் போதும். குளிர் குறையட்டும், களிம்பு சீக்கிரம் காயும் என்று தள்ளிவைத்தேன். மார்கழி முடிவதற்குள் பவுன் போய்விட்டாள். சளி என்று படுத்தாள். சான்றிதழில் நிமோனியா என்று எழுதினார்கள்.

அவள் போன பிறகு வீட்டில் அவளுடையது என்று இருந்தவை ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டன. பெட்டிக்குள் போகாதது அந்த மஞ்சள் ஒன்றுதான். சோடா டப்பாவை ஒருநாள் கையில் எடுத்தேன். திருப்பி வைத்துவிட்டேன்.

ஒருவர் ஒரு விதியை மீற விரும்பினால் அதற்கும் விதி உண்டு. தரக்கட்டுப்பாட்டில் முதலில் கற்றுத்தருவது அதைத்தான். குறையுள்ள பொருளை, குறை இருப்பது தெரிந்தே, அப்படியே ஏற்றுக்கொள்ள எழுத்தில் வாங்கும் ஒப்புதலுக்கு எங்கள் தொழிலில் கன்செஷன் என்று பெயர். இது எங்கள் வீட்டுச் சொல்லும் ஆகியிருந்தது. "இன்னிக்கி கொழம்புல உப்பு ஜாஸ்தி. கன்செஷன் குடுத்துட்டு துன்னுங்க" என்பாள் பவுன். நான் தட்டைப் பார்த்து, கொடுத்தேன் என்பேன். முப்பது வருடத்தில் அவளுடைய ஒரு விண்ணப்பத்தையும் நான் நிராகரித்ததில்லை.

ஆகவே தை மாதத்தில், முறைப்படி, கணப்படுப்பின் குறைக்கு கன்செஷன் கோரி எழுதினேன். பிரபு கையெழுத்துப் போட்டான். பத்து நாளில் பதில் வந்தது. எங்கள் துயரத்தில் பங்குகொள்வதாகவும், ஆனால் வாடகையில் சலுகை தரும் வழக்கம் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். பிரபு சிரித்தான்; அம்மா போன பிறகு அவன் சிரித்தது அன்றுதான். "அப்பா, இவங்களுக்கு கன்செஷன்னா பஸ் டிக்கெட்டுதாம்பா." மறுபடி எழுதினேன். இம்முறை தொழிற்சொல் எதுவும் இல்லை. இது என் மனைவியின் விரல் தடம். அழிக்காமல் இருக்க அனுமதி வேண்டும். மேலே பூச்சு பூசினாலும் சம்மதம். பத்து வேலை நாட்கள் போயின. மாசி போயிற்று, பங்குனி போயிற்று. நினைவூட்டல் அனுப்பினேன். கோப்பு பரிசீலனையில் இருப்பதாக ஹெலன் தொலைபேசியில் சொன்னாள். அந்த வாக்கியத்தை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆனி மாதம் பிரபுவுக்கு விடுப்புக் கிடைத்தது. பவுனின் சாம்பலை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனோம். விமான நிலையத்தில் அதற்கான தாள்களில் ஒன்றில்கூட யாரும் குறை காணவில்லை, நான்தான் அடுக்கியிருந்தேன். கடலில் கரைத்துவிட்டுப் படப்பை வந்தோம். பூட்டிய வீட்டை லைனில் வேலை செய்யும் பையன்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று முருகேசன் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தான். வாசலில் கால் வைக்கும்போது நின்றுவிட்டேன். பவுன் வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிய நிலைப்படி, எலுமிச்சை நிறத்தில் பளபளத்தது. நடுவில் வட்டம் வட்டமாகச் சிவப்புப் பொட்டுகள்.

"எனாமல் பெயிண்ட்டு மாமா" என்றான் முருகேசன். "அக்கா பூசனது திட்டுத்திட்டா கெடந்துச்சி. வர்ற பசங்க எங்க வாரா வாரம் பூசப் போறானுங்க? இனிமே வெளுக்காது."

நல்ல எண்ணத்தில்தான் செய்திருந்தான். நன்றாக இருக்கிறது என்றேன். குனிந்து தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. புறப்படும்போது முருகேசனின் மனைவி, அரைத்த மஞ்சள்தூள் ஒரு டப்பா கொடுத்தாள்.

மஞ்சள் வெயிலில் வெளுக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கறை பட்ட வேட்டியை வெயிலில் காயப்போடுவது எந்த வீட்டிலும் நடப்பதுதான். இந்தக் கூடத்துக்கு வடக்கே பார்த்த ஒரே ஜன்னல். படப்பையில் வடக்கு ஜன்னலில் வெயில் எட்டிப் பார்த்தால் அதிகம். வந்ததிலிருந்து இங்கே சூரியன் தெற்கு வானத்தில் ஓரமாகத்தான் ஊர்ந்தது; சித்திரை, வைகாசி மாலைகளில் மேகமும் மழையும்தான். எனவே திரையை மூடாமல் போயிருந்தேன். இந்த ஊரின் கோடையை நான் பார்த்ததில்லை. திரும்பி வந்த அன்று மாலை, இரவுச் சாப்பாட்டு வேளையிலும் சூரியன் மறையாமல் வடமேற்கில் நின்றது. நீளமான வெயில் ஜன்னல் வழியே கூடம் முழுக்கக் கடந்து கணப்படுப்பின் மேல் விழுந்துகொண்டிருந்தது. கல் அதன் பழைய வெண்பழுப்பு நிறத்தில் இருந்தது. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். சாய்ந்து பார்த்தேன். பிரபுவைக் கூப்பிட்டேன். அவன் வந்து பார்த்துவிட்டுத் திரையை மூடினான்.

நிர்வாகத்தின் பதில் இப்போது என் முன்னால் இருக்கிறது. தாமதத்துக்கு வருத்தம். விண்ணப்பம் ஏற்கப்படுகிறது. தற்போதுள்ள மஞ்சள் தடம் இருந்தவாறே இருக்கலாம். அதன் மீதோ அருகிலோ புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. குறையில்லாத உத்தரவு, நானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன். மஞ்சள் டப்பா கணப்படுப்பின் மேல் மூடியபடி இருக்கிறது. அருகே படப்பையிலிருந்து கொண்டுவந்த நாட்காட்டி. பவுன் இருந்திருந்தால், தாலிக்கயிறு மாற்றும் நாளென்று விடியலிலேயே மஞ்சள் குழைத்து வைத்திருப்பாள். பதில் வந்த தேதி, ஆடி பதினெட்டு.